வீட்டைத் துறந்த ரமணர் மற்றவர்களை ஏன் வீட்டுக்கே அனுப்பினார்?

1896 ஆகஸ்ட் 29, சனிக்கிழமை. மதுரை சொக்கப்ப நாயக்கன் தெருவில் சிற்றப்பா வீட்டின் மாடியில் வேங்கடராமன் என்ற 16 வயது மாணவன் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தான். ஆங்கில இலக்கணப் பாடத்தைச் சரியாகப் படிக்காததற்காக ஆசிரியர் மூன்று முறை எழுதிவரச் சொல்லியிருந்தார். இரண்டு முறை எழுதி முடித்தான். மூன்றாவது முறைக்கு மனம் வரவில்லை. தாள்களை ஒதுக்கிவிட்டுக் கண்களை மூடி அசையாமல் இருந்துவிட்டான்.

பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் நாகசுவாமிக்குக் கோபம். இப்படியெல்லாம் சாமியாராட்டம் இருக்கிறவனுக்குப் படிப்பும் வீடும் எதற்கு என்று குத்தலாகக் கேட்டார். அண்ணன் இதைச் சொல்வது அன்று முதல் முறையல்ல. ஆனால் அன்றைக்கு அந்தச் சொல் தைத்தது. கேள்வி நியாயமானதுதானே என்று தம்பிக்குத் தோன்றியது.

பள்ளியில் சிறப்பு வகுப்பு இருக்கிறது என்று சொல்லி வேங்கடராமன் எழுந்தான். அப்படியானால் கீழே பெட்டியிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துப் போய் என் கல்லூரிக் கட்டணத்தையும் கட்டிவிடு என்றார் அண்ணன். சித்தி சோறு போட்டு, பணத்தையும் எடுத்துக் கொடுத்தார். பையன் அதில் மூன்று ரூபாயை வைத்துக்கொண்டு, இரண்டு ரூபாயை ஒரு சீட்டோடு சேர்த்து வைத்துவிட்டு ரயில் நிலையத்துக்கு நடந்தான்.

அந்தச் சீட்டு இன்றும் பேசப்படுகிறது. தன் தகப்பனாரைத் தேடி அவர் கட்டளைப்படி கிளம்புவதாகவும், நல்ல காரியத்துக்கே போவதால் யாரும் வருந்த வேண்டாம் என்றும், தேடிப் பணம் செலவழிக்க வேண்டாம் என்றும் எழுதியிருந்தது. அண்ணனின் கட்டணத்தைக் கட்டவில்லை என்பதையும் மறக்காமல் குறிப்பிட்டிருந்தான். வாசகர்கள் கவனிக்க வேண்டியது அதன் இலக்கணத்தை. முதல் வாக்கியத்தில் எழுதுகிறவன் தன்னை ‘நான்’ என்கிறான். அடுத்த வாக்கியத்திலேயே அது ‘இது’ ஆகிவிடுகிறது. கடைசியில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் பெயர் இல்லை, வெறும் கோடு. இலக்கணத் தண்டனைக்கு அஞ்சி எழுந்து போன பையன், ஒரு சின்னச் சீட்டில் தன்மையிலிருந்து அஃறிணைக்கு இறங்கி, பின் இல்லாமலே போகிறான்.

இந்தச் சீட்டைப் பார்த்த தாய் அழகம்மாளின் நிலையை யாரும் எளிதில் கடந்துவிட முடியாது. கணவர் சுந்தரம் ஐயர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. மகனோ தகப்பனாரைத் தேடிப் போவதாக எழுதியிருக்கிறான். அவன் தகப்பனார் என்று சொன்னது திருவண்ணாமலையில் இருக்கும் அருணாசலேஸ்வரரை. அது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

வேங்கடராமன் பிறந்தது திருச்சுழியில், 1879 டிசம்பர் 30 அன்று. தந்தை அவ்வூரில் வழக்காடும் தொழில் செய்தவர். பிள்ளை ஒன்றும் பிறவி ஞானி போல வளரவில்லை. பந்து விளையாட்டு, மல்யுத்தம், நீச்சல் என்று சுற்றிய பையன். படிப்பில் நினைவாற்றல் உண்டு, அக்கறை குறைவு. தூக்கம்தான் அவனிடம் விசேஷம். விழித்திருக்கும்போது அவனை அடிக்க முடியாத பிள்ளைகள், அவன் தூங்கும்போது தூக்கிக்கொண்டு போய் ஆசை தீர அடித்துவிட்டுப் பழைய இடத்திலேயே படுக்க வைப்பார்களாம். காலையில் எழுந்தவனுக்கு ஒன்றும் தெரியாது.

1895-இல் உறவினர் ஒருவர் அருணாசலத்திலிருந்து வருவதாகச் சொன்னது அவனை அசைத்தது. அதுவரை அது எங்கோ இருக்கும் தெய்வப் பெயர் என்று நினைத்திருந்தான். ரயிலேறிப் போகக்கூடிய ஊர் என்று அன்றுதான் தெரிந்தது. சிற்றப்பா வீட்டில் கிடந்த பெரியபுராணத்தை எடுத்துப் படித்தான். அறுபத்துமூவர் கதைகள் அவனை உருக்கின. ஆனாலும் வாழ்க்கை மாறியது அந்தப் புத்தகத்தால் அல்ல.

1896 ஜூலை நடுவில் ஒரு நாள். அதே மாடி அறையில் தனியாக இருந்தவனைத் திடீரென்று மரண பயம் பிடித்தது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, காரணமே இல்லை. சாகப் போகிறோம் என்ற எண்ணம் மட்டும் நிச்சயமாக நின்றது. நாமாக இருந்தால் அம்மாவையோ மருத்துவரையோ கூப்பிட்டிருப்போம். அந்தப் பையன் ஒருவரையும் கூப்பிடாமல், வந்தது வரட்டும், சாவு என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம் என்று படுத்துவிட்டான். கைகால்களைப் பிணம் போல் விறைப்பாக நீட்டினான். மூச்சை அடக்கி உதடுகளை இறுக மூடினான். இந்த உடம்பு செத்தாயிற்று, இதைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய் எரித்துவிடுவார்கள், அதோடு நானும் செத்துவிட்டேனா என்று உள்ளுக்குள் கேட்டுக்கொண்டான். உடம்பு அசைவற்றுக் கிடக்கும்போதும் நான் என்கிற உணர்வு குன்றாமல் ஒளிவிட்டுக்கொண்டிருப்பதைக் கண்டான். அது யோசித்துப் பெற்ற விடை அல்ல, நேரே தெரிந்தது என்று பிற்காலத்தில் விவரித்திருக்கிறார். சில நிமிடங்களில் பயம் போனது. அதன்பின் திரும்பி வரவே இல்லை.

குருவும் இல்லை, மந்திரமும் இல்லை. வேதாந்தம் என்ற சொல்லே அப்போது அவனுக்குப் பழக்கமில்லை. தன்னையறிதல் என்றதும் கட்டணம் கட்டிச் சேரும் வகுப்புகள் நினைவுக்கு வருகிற காலம் இது. அந்த மாடி அறையில் நடந்ததற்கு வேண்டியிருந்தது, பயம் வந்தபோது அதிலிருந்து ஓடாமல் பயப்படுகிறவன் யார் என்று திரும்பிப் பார்த்த அந்த ஒரு துணிச்சல்தான்.

அடுத்த ஆறு வாரங்களில் வீட்டார் கண்ட பையன் வேறு ஆள். போட்டதைச் சாப்பிட்டான். சண்டைக்குப் போகவில்லை. மாலைதோறும் மீனாட்சியம்மன் கோயிலுக்குத் தனியே போய், நாயன்மார் சிலைகளின் முன் கண்ணீர் வழிய நின்றான். அண்ணனின் குத்தல் பேச்சு இதனால் வந்ததுதான்.

பயணம் பெரும்பாடாக இருந்தது. கையில் இருந்த பழைய வரைபடத்தில் திருவண்ணாமலைக்கு ரயில் பாதை இல்லாததால் திண்டிவனத்துக்குச் சீட்டு வாங்கினான், 2 ரூபாய் 13 அணா. ரயிலில் உடன் வந்த ஒரு மௌல்வி, விழுப்புரத்தில் இறங்கினால் திருவண்ணாமலைக்கே வண்டி உண்டு என்று சொல்லிக் கொடுத்தார். விழுப்புரத்தில் பசியோடு ஓர் உணவுக்கடைக்குப் போனான். சாப்பிட்ட பின் இரண்டு அணாவை நீட்டியபோது, கையில் மொத்தம் இரண்டரை அணாதான் இருக்கிறது என்று அறிந்த கடைக்காரர் காசை வாங்கவில்லை. அந்தக் காசுக்கு மாம்பழப்பட்டு வரை ரயிலில் போனான். அங்கிருந்து பத்து மைல் நடை. அரகண்டநல்லூர் கோயில், பிறகு கீழூர்க் கோயில். இரவில் சோறு கேட்டபோது கிடைக்கவில்லை. அங்கிருந்த மேளக்காரர் தம் பங்குச் சோற்றைக் கொடுத்தார். மறுநாள் கோகுலாஷ்டமி. முத்துகிருஷ்ண பாகவதர் என்பவர் வீட்டில் பசியாறிவிட்டு, காதிலிருந்த கடுக்கனை அவரிடமே நான்கு ரூபாய்க்கு அடகு வைத்தான். மீட்கும் எண்ணம் இல்லாததால் முகவரிச் சீட்டைக் கிழித்துப் போட்டான்.

செப்டம்பர் 1 காலை திருவண்ணாமலை. கோயிலுக்குள் நேராகப் போய்த் தகப்பனாரிடம் வந்து சேர்ந்ததைச் சொன்னார். வெளியே வந்து மிச்சப் பணத்தைக் குளத்தில் எறிந்தார். தலையை மழித்து, பூணூலைக் கழற்றி, வேட்டியைக் கிழித்துக் கோவணம் கட்டிக்கொண்டார். அதன்பின் 54 ஆண்டுகள் அந்த ஊர் எல்லையைத் தாண்டவில்லை.

முதல் ஆண்டுகளின் கடுமை பலரும் அறிந்ததே. சிறுவர்களின் கல்லெறி பொறுக்காமல் பாதாள லிங்கத்தின் இருட்டறையில் போய் அமர்ந்தார். பூச்சிகள் தொடையைக் கடித்துப் புண்ணாக்கியதும் தெரியாமல் கிடந்தவரைச் சிலர் தூக்கி வந்தார்கள். சேஷாத்திரி சுவாமிகள் அவரைக் காக்க முயன்றார். அந்நாளில் பேசாமல் இருந்தது விரதமோ தவமோ அல்ல, பேசத் தோன்றவில்லை, அவ்வளவுதான் என்று பின்னாளில் அவரே சாதாரணமாகச் சொல்லியிருக்கிறார். பழனிசாமி என்ற மலையாளத் தொண்டர் தமிழ் வேதாந்த நூல்களைக் கொண்டுவந்து எழுத்துக்கூட்டித் திணறியபோது, தாமே வாங்கிப் படித்துச் சாரத்தைச் சொன்னார். தமக்கு மதுரையில் நேர்ந்ததற்குப் பெரியோர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் அறிந்தார்.

1898 டிசம்பர். மகன் இருக்குமிடம் தெரிந்து அழகம்மாள், மூத்த மகன் நாகசுவாமியோடு பவழக்குன்றுக்கு வந்தார். சடைபிடித்த தலை, வளர்ந்த நகம், அழுக்குக் கோவணம் என்று பாறைமேல் கிடந்த பிள்ளையைப் பார்த்தார். நாள்தோறும் பலகாரம் செய்து கொண்டுவந்து, வீட்டுக்கு வா என்று கெஞ்சினார். பிள்ளை வாய் திறக்கவில்லை. ஒரு நாள் அந்தத் தாய் சுற்றியிருந்தவர்களிடமே முறையிட்டு அழுதார். அவர்களில் ஒருவர் காகிதமும் பென்சிலும் கொடுத்து, தாய்க்கு ஒரு பதிலாவது எழுதக் கூடாதா என்று வேண்டினார். அவர் எழுதியதில் அம்மா என்ற சொல் இல்லை. நடக்காதது எவ்வளவு முயன்றாலும் நடக்காது, நடப்பது எவ்வளவு தடுத்தாலும் நிற்காது, ஆகவே சும்மா இருப்பதே நல்லது என்பதே அதன் சாரம்.

தத்துவமாகப் படித்தால் உயர்ந்த பதில். தாயாகப் படித்தால் கொடுமையானது. அழகம்மாள் ஊர் திரும்பினார். 1900-இல் நாகசுவாமியும் இறந்துபோனார்.

இதற்குப் பிறகு நடந்ததைச் சேர்த்துப் பார்க்காமல் ரமணரை மதிப்பிடுவது சரியாகாது. 1914-இல் அழகம்மாள் திருப்பதி போய்த் திரும்பும் வழியில் திருவண்ணாமலைக்கு வந்தபோது கடும் விஷக்காய்ச்சலில் விழுந்தார். வாரக்கணக்கில் அவர் பக்கத்தில் இருந்து பணிவிடை செய்தவர் அந்த மகன்தான். நடப்பது நடக்கும் என்று எழுதிக் கொடுத்தவர், தாய் பிழைக்க வேண்டும் என்று அருணாசலத்தை வேண்டிப் பாட்டும் எழுதினார். தாய் பிழைத்தார். 1916-இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மகனிடமே வந்து தங்கிவிட்டார்.

மலைமேல் ஸ்கந்தாசிரமத்தில் அவர் சமைக்கத் தொடங்கிய பிறகுதான் அந்த இடத்துக்கு ஒரு வீட்டின் களை வந்தது. தம்பி நாகசுந்தரமும் வந்து சேர்ந்தார். ஆசாரம் பார்க்கும் தாயை மகன் ஓயாமல் கேலி செய்வார். வெங்காயமும் முருங்கைக்காயும் மோட்சத்துக்கு எவ்வளவு பெரிய தடை என்று வியப்பது போல் நடிப்பார். தாய் என்று தனிச் சலுகை காட்டவில்லை. சில வேளை பேசாமலும் இருந்து அவரை அழவைத்திருக்கிறார். ஆனால் 1922 மே 19 அன்று தாய் உயிர் பிரியும் நேரத்தில், காலை முதல் இரவு எட்டு மணி வரை ஒரு கையைத் தாயின் நெஞ்சிலும் மறு கையைத் தலையிலும் வைத்தபடி அசையாமல் இருந்தார். எல்லாம் முடிந்ததும் எழுந்து, தீட்டு ஒன்றுமில்லை, சாப்பிடலாம் என்று மற்றவர்களை அழைத்தார். மலையடிவாரத்தில் தாய் அடக்கம் செய்யப்பட்ட இடத்துக்குத் தினமும் இறங்கி வந்தவர், ஒரு நாள் திரும்பிப் போகவில்லை. அங்கே எழுந்த ஓலைக் கொட்டகைதான் இன்றைய ரமணாசிரமம்.

அவர் சொல்லிக்கொடுத்த வழிக்கு வருவோம். 1902-இல் தென்னார்க்காட்டு வருவாய்த் துறையில் பணியாற்றிய சிவப்பிரகாசம் பிள்ளை விருபாட்சி குகைக்கு வந்து, நான் யார் என்று கேட்டார். தத்துவம் படித்த பட்டதாரி அவர். பேசாதிருந்த இளஞ்சாமி மணலிலும் பலகையிலும் பதில் எழுதினார். அப்படி எழுதிக் கொடுத்த பதில்களே பின்னர் 1923-இல் ‘நான் யார்?’ என்ற சிறு நூலாக வந்தன.

அதில் உள்ளதை வீட்டுப் பேச்சில் சொன்னால் இப்படி வரும். ஒரு கவலையோ கோபமோ எழும்போது நாம் அதன் பின்னால் ஓடுகிறோம். அவன் அப்படிச் சொன்னான், இவள் இப்படிச் செய்தாள் என்று எண்ணம் எண்ணத்தைப் பெற்றுக்கொண்டே போகும். ரமணர் அந்த ஓட்டத்தைத் திருப்பச் சொல்கிறார். இந்த எண்ணம் யாருக்கு வந்தது? எனக்கு. அந்த நான் யார்? பதில் சொல்வதற்கான கேள்வி அல்ல இது. மேலாளர், மருமகள், தோற்றவன், கடன்காரன் என்று எந்தப் பதில் வந்தாலும் அதுவும் ஓர் எண்ணம்தான். கேட்டுவிட்டு, நான் என்ற உணர்வு கிளம்பும் இடத்திலேயே கவனத்தை நிறுத்த வேண்டும். நழுவினால் மறுபடியும் கேட்க வேண்டும். இதற்குத் தனி நேரமோ இடமோ தேவையில்லை, வேலை செய்துகொண்டே பழகலாம் என்பதே அவர் திரும்பத் திரும்பச் சொன்னது.

இங்கேதான் பலர் அவரிடம் மல்லுக்கு நின்றார்கள். வேலையை விடுகிறேன், மனைவி மக்களை விட்டு இங்கேயே இருந்துவிடுகிறேன், அனுமதி கொடுங்கள் என்று வந்தவர்கள் ஏராளம். அவர் கொடுக்க மறுத்தார். குடும்பஸ்தன் என்ற நினைப்புப் போய்ச் சந்நியாசி என்ற நினைப்பு வரும், நினைப்பவன் அப்படியேதான் இருப்பான், காட்டுக்குப் போனாலும் மனம் கூடவே வரும் என்று விளக்குவார். நீங்கள் மட்டும் வீட்டை விட்டு வந்தீர்களே என்று நேருக்கு நேர் மடக்கியவர்களும் உண்டு. அது அவரவர் பிராரப்தம் என்று முடித்துக்கொண்டார். இந்தப் பதில் சிலருக்கு நிறைவு தராது. ஆனால் ஒரு வேறுபாடு கண்ணில் படுகிறது. 1896-இல் வேங்கடராமன் போகலாமா என்று யாரிடமும் அனுமதி கேட்டு நிற்கவில்லை. அனுமதி கேட்டு வருகிறவரிடம் இன்னும் வீடு இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது போலும்.

துறவி என்றால் வேலை செய்யாதவர் என்ற எண்ணத்துக்கும் அவர் இடம் தரவில்லை. அதிகாலை மூன்று மணி அளவில் எழுந்து காய் நறுக்குவார், சட்னி அரைப்பார். கீரைத் தண்டைக்கூட வீணாக்க விடமாட்டார். அச்சுப் படிகளில் எழுதப்படாத இடத்தை வெட்டிச் சேர்த்துக் குறிப்பேடு தைப்பார். பந்தியில் எல்லோருக்கும் எவ்வளவோ அவ்வளவுதான் தமக்கும். ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தால் பரிமாறியவருக்குக் கண்டிப்பு உண்டு. வாசலில் நிற்கும் ஏழைகளுக்கே முதலில் சோறு. 1924 ஜூன் 26 இரவு திருடர்கள் புகுந்து அவர் தொடையில் அடித்தபோது, திருப்பி அடிக்கக் கிளம்பிய அன்பர்களைத் தடுத்தார். தமக்கும் நல்ல பூசை கிடைத்தது என்று சிலேடையாகச் சொல்லிச் சிரித்தார். தமிழறிந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு விளங்கும்.

பெயரும் புகழும் தாமாக வந்தன. 1907-இல் காவ்யகண்ட கணபதி முனிவர் அவரைப் பகவான் ரமண மகரிஷி என்று அழைத்தார். ஆசிரியப் பணியிலிருந்த முருகனார் 1923-இல் வந்து, அவர் உபதேசங்களைச் செய்யுளாக்குவதையே வாழ்நாள் தொண்டாகக் கொண்டார். அவர் வேண்டுதலால்தான் ‘உள்ளது நாற்பது’ பிறந்தது. தமிழுக்கு அது ஒரு கொடை. 1931-இல் வந்த ஆங்கிலேயர் பால் பிரண்டன் எழுதிய நூல் 1934-இல் வெளியாகி, மேலைநாட்டாரை அந்த மலைக்கு வரவழைத்தது. கூடம் நிறைந்தாலும் கோவணமும் துண்டும் மாறவில்லை. கையெழுத்துக் கேட்டு நீட்டியவர்களுக்குப் பெயர் எழுதித் தரும் பழக்கமும் கடைசிவரை வரவில்லை.

தன்னையறிந்ததாகச் சொல்லப்படும் ஒருவரைச் சோதிக்க நோயைப் போல் வேறொன்று இல்லை. 1949 பிப்ரவரியில் இடது முழங்கை அருகே இருந்த சிறு கட்டியை மருத்துவர்கள் அகற்றினார்கள். அது திரும்ப வளர்ந்தது. புற்று என்று தெரிந்தது. கையை வெட்டலாம் என்றதற்கு அவர் இசையவில்லை. அந்த ஆண்டுக்குள் நான்கு முறை அறுவை செய்தும் பயனில்லை. வலி இருந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை, பெரிதாக்கவும் இல்லை. அழுத அன்பர்களுக்கு அவர்தான் ஆறுதல் சொல்ல வேண்டியிருந்தது. தரிசனத்தை நிறுத்தச் சம்மதிக்கவில்லை.

1950 ஏப்ரல் 14 மாலையிலும் வரிசை அவரைக் கடந்து போனது. இருட்டிய பின் வெளியே அன்பர்கள் அவர் இயற்றிய அட்சரமணமாலையைப் பாடத் தொடங்கினார்கள். படுத்திருந்தவரின் கண்களில் நீர் வழிந்தது. இரவு 8.47-க்கு மூச்சு நின்றது. அந்நேரம் வானில் ஓர் ஒளி மெல்ல நகர்ந்து மலைப்பக்கம் மறைந்ததைப் பலர் பார்த்ததாகப் பதிவு செய்திருக்கிறார்கள்.

மறுநாள் அவரை அடக்கம் செய்தார்கள். அழகம்மாளின் சமாதிமீது எழுப்பி, முந்தைய ஆண்டுதான் அவர் முன்னிலையில் குடமுழுக்கு நடந்த மாத்ருபூதேஸ்வரர் ஆலயத்தின் பக்கத்திலேயே இடம் தேர்ந்தார்கள்.